சிகாகோவின் 'இலவச' கிராமபோனா, சொனோரா பீரோவா?

விக்டர், கொலம்பியா, எச்.எம்.வி. என்ற பெரிய பெயர்களைத் தாண்டிப் பழைய கிராமபோன் சேர்க்க நினைப்பவருக்கு அமெரிக்கச் சந்தையில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, 1905-ஐ ஒட்டிச் சிகாகோவிலிருந்து வந்த, ஹார்ன் வெளியே நீட்டிய மெஷின்கள்: ஸ்டாண்டர்ட், ஹார்மனி, யுனைட்டட், அரெட்டினோ. மற்றொன்று, 1915-ஐ ஒட்டிப் பெருகிய பீரோ மாடல்கள்: சொனோரா, பிரன்ஸ்விக், செனி, இன்னும் எத்தனையோ. நான் சேர்ப்பது முதல் கூட்டம். அதனால் பேச்சு அந்தப் பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

தோற்றம், அளவு பற்றி நீட்ட வேண்டாம். ஹார்ன் மெஷினை அலமாரி மேல் வைக்கலாம். பீரோ மாடலுக்கு அறையில் ஒரு மூலையே போய்விடும். பெரிதாக இருப்பதாலேயே பீரோக்கள் மலிவாகவும் கிடைக்கின்றன, விற்கும்போதும் அதே கதைதான். போலிப் பயமும் சிகாகோ வகையில் குறைவு. நம்மூரில் பளபளப்பான பித்தளை ஹார்னோடு விற்கும் புதுப் 'பழைய' கிராமபோன்களில் எச்.எம்.வி.யின் நாய்ப் படம்தான் ஒட்டியிருக்கும். ஸ்டாண்டர்டைப் போலி செய்ய யாருக்கு ஆசை வரும்?

என் முடிவுக்குக் காரணம் உதிரிபாகம். பெயர்த்தகட்டில் யார் பெயர் இருந்தாலும், உள்ளே மோட்டார் யாருடையது என்று பாருங்கள். தட்டு கிராமபோனைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரின் முக்கியக் காப்புரிமை 1912 வரை உயிரோடு இருந்தது. அதுவரை தட்டு கிராமபோன் தொழில் அமெரிக்காவில் விக்டர், கொலம்பியா கையில். சிகாகோ நிறுவனங்கள் கொலம்பியாவிடமே மெஷினையும் இசைத்தட்டையும் வாங்கித் தங்கள் பெயரில் விற்றன. கடையில் சாமான் வாங்கினால் மெஷின் இலவசம், அல்லது சொற்ப விலை. லாபம் தட்டில். வேறு கம்பெனித் தட்டைப் போட முடியாதபடி தட்டின் ஓட்டைக்குள் நுழையும் நடுத் தண்டைத் தடியாக்கினார்கள்: ஸ்டாண்டர்டில் சுமார் 14 மி.மீ., ஹார்மனியில் 19, யுனைட்டடில் 38, அரெட்டினோவில் 76. அரெட்டினோ தட்டில் ஓட்டை போக லேபிளுக்கு ஒரு மெல்லிய வளையம்தான் மிச்சம்.

தந்திரம் அவர்களுடையது, லாபம் இன்று நமக்கு. பெட்டியைத் திறந்தால் கொலம்பியா மோட்டார், ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் கொலம்பியா சவுண்ட் பாக்ஸ். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங், மோட்டாரை ஓட்டும் மெயின் ஸ்பிரிங், சவுண்ட் பாக்ஸில் அதிரும் மைக்காத் தகடு எல்லாம் கொலம்பியாவுக்குச் செய்பவரிடமே வாங்கலாம்.

காப்புரிமை போனபின் வந்த கூட்டத்தின் கதை வேறு. ஓட்டோ ஹைன்மன் போன்ற உதிரிபாக வியாபாரிகளிடம் மோட்டாரை வாங்கிப் பெட்டியில் பூட்டிப் பெயர் ஒட்டியவர்கள் ஏராளம். மோட்டாரில் எனக்குப் பெரிய குறையில்லை. சொனோராவின் சுவிஸ் மோட்டார் அருமையானது. தொல்லை தருவது பாட் மெட்டல் என்ற துத்தநாக வார்ப்பு. சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் கையும் சவுண்ட் பாக்ஸும் பல மாடல்களில் அதுதான். வார்க்கும்போது ஈயம் போன்ற கலப்பு சேர்ந்துவிட்டால், உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, ஆண்டுகள் போகப்போக வீங்கி, மயிரிழை விரிசல் விட்டு, கடைசியில் பொலபொலவென்று உதிரும். எண்ணெய் விட்டுச் சரியாகாது, பற்றவைக்கவும் முடியாது. முதல் அறிகுறி, கை அதன் தாங்கியில் இறுகிக்கொள்வது. வலுக்கட்டாயமாகத் திருப்பினால் இரண்டாகக் கையில் வரும். பிரன்ஸ்விக்கின் அல்டோனா சவுண்ட் பாக்ஸ், சாதாரணத் தட்டு, பாத்தே கம்பெனித் தட்டு, எடிசன் தட்டு மூன்றையும் வாசிக்கும் கெட்டிக்காரச் சாமான். முழுசாகக் கிடைப்பதுதான் அரிது.

சிகாகோ மெஷினுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மூன்று வேலை நிச்சயம் வரும். ஓடும்போது 'டொக்' என்று இடித்தால் ஸ்பிரிங் உடைந்துவிட்டதாகப் பதற வேண்டாம். பெரும்பாலும் காய்ந்த கிரீஸ். சாவி முழுவதும் இறங்கும்வரை ஓடவிட்ட பிறகே ஸ்பிரிங் இருக்கும் டிரம்மைத் திறக்க வேண்டும், தோல் கையுறையோடு. மண்ணெண்ணெயில் கழுவி கிராஃபைட் கிரீஸ் வையுங்கள். புது ஸ்பிரிங் வாங்குவதானால் அகலம், கனம், நீளம் மூன்றோடு முனைக் கொக்கியின் வடிவத்தையும் சொல்ல வேண்டும்.

கவர்னரில் குண்டுகளைத் தாங்கும் தகட்டு ஸ்பிரிங்குகள் திருகு ஓட்டைப் பக்கம்தான் உடையும். ஒன்று போனால் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள், இல்லையென்றால் எடை ஒருபக்கம் சாய்ந்து கிடுகிடுக்கும்.

சவுண்ட் பாக்ஸில் கல்லாய்ப்போன பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, மென்மையான ரப்பர் குழாயை முனைகள் இடைவெளியின்றிச் சேருமாறு வெட்டி, மைக்காவின் இருபுறமும் ஒவ்வொன்று வையுங்கள். மைக்கா ஓரத்தில் வெள்ளையாக ஏடு பிரிந்திருந்தால் அதையும் மாற்றிவிடலாம். ஊசி பிடிக்கும் கம்பி மைக்காவின் நடுவைத் தொட்டு நிற்க வேண்டும். அழுத்தவும் கூடாது, இழுக்கவும் கூடாது. இழுத்தால் உச்சஸ்தாயியில் கரகரக்கும். கம்பியை மைக்காவோடு பூட்டும் சின்னத் திருகைப் போட்டபின் அதன்மேல் ஒரு துளி தேன்மெழுகு. ஊசி, தட்டின் ஒரு பக்கத்துக்குப் புதிதாக ஒன்று.

இதன் உண்மையான குறை தண்டு. சாதாரணத் தட்டின் ஓட்டை சுமார் 7 மி.மீ.; ஸ்டாண்டர்டில் ஏறாது. தட்டில் துளை பெருக்குவதும் தண்டை அரம் போட்டு இளைப்பதும் மகாபாவம், ஆனால் பழைய சொந்தக்காரர்கள் இரண்டையும் செய்திருக்கிறார்கள். வாங்குமுன் தண்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்து படம் கேளுங்கள். அரம் பட்ட கோடு தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். எதிர்ப்பக்கம் சுலபம்: 38 மி.மீ. ஓட்டைத் தட்டுக்கு வெளிவிட்டம் 38, உள்விட்டம் 14 உள்ள வளையம் கடைந்துகொண்டால் ஸ்டாண்டர்டிலேயே ஓடும்.

செனியின் மர ஹார்ன் நாதத்தைப் புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பழக்கம் குறைவு, தீர்ப்புச் சொல்லமாட்டேன். சொனோராவின் வளைந்த மரவேலைக்கு முன் ஸ்டாண்டர்ட் பெட்டி ஏழைதான். எடிசன் தட்டுகள் கைவசம் இருந்தாலும் சிகாகோ மெஷின் உதவாது. அது பள்ளம் பக்கவாட்டில் நெளியும் 'பக்கவாட்டு வெட்டு'த் தட்டுக்கு மட்டும்; எடிசன் தட்டில் பள்ளம் மேலும் கீழுமாகப் போகும்.

சொனோராவே மனதில் நின்றால், கையை ஓரத்திலிருந்து நடுவரை நகர்த்தும் வீடியோவும் சவுண்ட் பாக்ஸின் பின்புறப் படமும் வாங்கிப் பாருங்கள். கை வழுக்கிக்கொண்டு போனால் எடுக்கலாம். எந்த மெஷினானாலும் டர்ன்டேபிளையும் சவுண்ட் பாக்ஸையும் கழற்றித் தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். டர்ன்டேபிள் மாட்டியபடியே வந்தால் வழியில் விழும் ஒரே அடியில் தண்டு வளைந்துவிடும்.