வாக்கிங் ஃபுட்டா, டெஃப்ளான் பாதமா, ரோலர் பாதமா?

பஞ்சு வைத்த விரிப்பு ஒன்றை மூன்று முறை பிரித்துத் தைத்தேன். மூன்று முறையும் தையல் முடியும் இடத்தில் மேல் துணி ஒரு விரற்கடை நீண்டு நின்றது. வெட்டியபோது இரண்டும் ஒரே அளவுதான். அதன் பிறகுதான் தையல் எந்திரத்தோடு வந்த சாதாரண பாதத்தை, அதாவது ஊசியின் அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகத்தை, கழற்றிவிட்டு டெஃப்ளான், ரோலர், வாக்கிங் ஃபுட் மூன்றையும் வாங்கிப் பார்த்தேன். என் ஓட்டு வாக்கிங் ஃபுட்டுக்கே.

தையல் எந்திரத்தில் துணியை நகர்த்துபவை அடியில் இருக்கும் பற்கள். அவை தொடுவது கீழ்த் துணியை மட்டும்தான். மேல் துணியை வழவழப்பான உலோகப் பாதம் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கீழ்த் துணி போகும். மேல் துணி உரசி நின்று மயிரிழை அளவு பின்தங்கும். ஒரு தையலில் இது கண்ணுக்கே தெரியாது. ஒரு மீட்டர் ஓடி முடித்தால் கட்டம் போட்ட துணியில் கோடுகள் பொருந்தாமல் போகும், வெல்வெட்டில் ஓரம் கோணிக்கொள்ளும். எத்தனை குண்டூசி குத்தினாலும் இது முழுமையாக அடங்குவதில்லை.

டெஃப்ளான் பாதம் அந்த உரசலைக் குறைக்கிறது, அவ்வளவுதான். மேல் துணியை அது நகர்த்துவதில்லை. ரெக்ஸின் போன்று உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் பொருளுக்கு அது அருமையானது. ஆனால் குண்டூசி பட்டு அடிப்பாகம் கீறிவிட்டால் அந்தக் கீறலே துணியைப் பிடித்து இழுக்கும். ரோலர் பாதத்தின் சிறு உருளைகள் தடித்த மடிப்பின் மேல் தடுக்காமல் ஏறி இறங்குகின்றன. அதை வைத்து நான் தைத்தவை இரண்டு தோல் பைகள் மட்டுமே என்பதால் அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

வாக்கிங் ஃபுட்டுக்கு மேலேயும் பற்கள் உண்டு. ஊசி ஏறி இறங்கும் அசைவே அவற்றை இயக்குகிறது. கீழே உள்ள பற்கள் துணியைத் தள்ளும் அதே நேரத்தில் இவையும் சேர்ந்து நகர்வதால் இரண்டு அடுக்கும் ஒன்றாகப் போகின்றன. நான்காம் முறை தைத்த விரிப்பில் நான்கு மூலைகளும் அச்சாகப் பொருந்தியபோது எனக்கு உண்டான நிம்மதி கொஞ்சமல்ல.

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாதத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கவை போன்ற கை, ஊசியைப் பிடிக்கும் திருகின் தண்டின் மேல் உட்கார வேண்டும். கீழே விட்டுவிட்டால் மேல்பற்கள் அசையவே அசையாது; பாதம் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கத் தோன்றும்.

குறைகளும் உண்டு. பருமனானது, சத்தம் போடும், வேகமாக ஓட்டினால் துணி திணறும். பின்னோக்கித் தைக்க இது ஏற்றதல்ல. நான் தொடக்கத்திலும் முடிவிலும் மிகச் சிறிய தையல்கள் சில போட்டு இறுக்கிக்கொள்கிறேன். மெல்லிய பட்டில் பல்லின் தடம் விழலாம், ஆகவே முதலில் துண்டுத் துணியில் ஓட்டிப் பாருங்கள். பற்களுக்கிடையே சேரும் பஞ்சைத் தூரிகையால் எடுப்பதையும், அதிர்வில் தளரும் திருகை இறுக்குவதையும் ஒவ்வொரு பெரிய வேலைக்குப் பிறகும் செய்கிறேன்.

ஒற்றை அடுக்குப் பருத்தித் துணியின் ஓரம் மடிக்க இவை எதுவும் வேண்டாம், சாதாரண பாதமே போதும். வாங்குவதானால், உங்கள் எந்திரத்தின் பாதம் பொருத்தும் தண்டு குட்டையா நெட்டையா என்று முதலில் பாருங்கள். குட்டைத் தண்டுக்குச் செய்த பாதம் நெட்டைத் தண்டில் பொருந்தாது.