மையத்தில் இரண்டு நாளா, வகுப்பில் ஒரு மணி நேரமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, அஞ்செட்டிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் நான் பாடம் நடத்துகிறேன். எங்களுக்குப் பயிற்சி மூன்று வழிகளில் வருகிறது. வட்டார வள மையத்துக்குப் போய் உட்காரலாம், அரசின் கற்றல் தளமான திக்‌ஷாவில் இணையவழியாகப் படிக்கலாம், அல்லது அனுபவமுள்ள ஒருவர் நம் வகுப்புக்கே வந்து பார்த்துப் பேசலாம். மூன்றையும் கண்டவள் நான். என் ஓட்டு கடைசி வழிக்குத்தான்.

மையப் பயிற்சியைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. சிறு வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் வளர்க்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியபோது, பாடல்களையும் அட்டைகளையும் நாங்களே செய்து பார்த்தது அங்கேதான். ஒன்றாம் வகுப்போடு மல்லுக்கட்டும் மற்ற ஆசிரியர்களைச் சந்திப்பதே பெரிய தெம்பு. ஆனால் இரண்டு நாளில் கொட்டப்படுவதெல்லாம் அடுத்த மாதம் வரை தங்குவதில்லை. படித்ததைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவராவிட்டால் அது வேகமாக மறந்துபோகும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே அளந்து காட்டினார். பிள்ளைகளுக்கு இடைவெளிவிட்டு மீள்பார்வை தரச் சொல்லும் பயிற்சி, ஆசிரியருக்கும் அதையே செய்ய வேண்டும்.

இணையவழிப் பயிற்சி, மறந்த ஒன்றை இரவில் மீண்டும் கேட்டுக்கொள்ள உதவும். அதற்கு மேல் அதனிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. சான்றிதழ் வந்துவிடும், ஆனால் என் வகுப்பு எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் இந்தப் போட்டியை நேராகவே சோதித்திருக்கிறார்கள். இரு குழு ஆசிரியர்களுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே புத்தகங்கள். ஒரு குழுவை மையத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றொரு குழுவின் வகுப்புகளுக்கு வழிகாட்டி ஒருவர் தவறாமல் போய்வந்தார். இரண்டு ஆண்டுக்குப் பின் பார்த்தால், பிள்ளைகளின் வாசிப்பில் வழிகாட்டி வந்த வகுப்புகள் கண்ட முன்னேற்றம் ஏறக்குறைய இரு மடங்கு. பிறகு வேறொரு மாகாணத்தில் வழிகாட்டியை நேரில் அனுப்பாமல் கைக்கணினி வழியாகப் பேசவைத்தார்கள். அது நேரில் வந்ததற்கு ஈடாகவில்லை.

ஏன் என்பது என் வகுப்பிலேயே புரிந்தது. மூத்த ஆசிரியை ஒருவர் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, 52இலிருந்து 27ஐக் கழிக்கும் பாடத்தைப் பார்த்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “கேள்வி கேட்டதும் நீங்களே பதிலையும் சொல்லிவிடுகிறீர்கள், டீச்சர். மூன்று எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள்.” கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்ததைப் பயிற்சியில் கேட்டிருக்கிறேன். அது என்னைப் பற்றியது என்று அன்றுவரை உறைக்கவில்லை.

மறுநாள் அதே கணக்கைக் கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆண்டு தொடங்கியதிலிருந்து வாய் திறக்காத சிறுமி “இரவை ஐது” என்றாள். தெலுங்கில் இருபத்தைந்து. கணக்கு அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தமிழுக்கு மாற்றிச் சொல்லும் நேரத்தைத்தான் நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த வழியில் இடர் இல்லாமல் இல்லை. நல்ல வழிகாட்டிகள் நிறையக் கிடைப்பதில்லை. 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த அலசல், வழிகாட்டல் கற்பித்தலையும் கற்றலையும் உயர்த்துகிறது என்று காட்டியது. ஆனால் திட்டம் பெரிதாகும்போது பலன் சுருங்குகிறது என்றும் சொன்னது. வருபவர் குறிப்பேட்டோடு மதிப்பெண் போட வந்தால் நாங்கள் அன்றைக்கு மட்டும் நன்றாக நடத்துவோம், அவ்வளவுதான். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மற்றவர் வகுப்பைப் பார்க்கப் போனால், அவருடைய பிள்ளைகளை யார் பார்ப்பது?

எங்கள் பள்ளியில் இப்போது புதன்கிழமை கடைசிப் பாடவேளையில் இரு வகுப்புகளையும் ஒரே அறையில் உட்காரவைக்கிறோம். ஒருவர் நடத்த, மற்றவர் கடைசி வரிசையில் அமர்கிறார். பிள்ளைகள் போன பிறகு, பஸ் வரும்வரை அதைப் பற்றிப் பேசுகிறோம்.