ஜிஆர்இ வெர்பலுக்கு வார்த்தை அட்டைப் பெட்டி: நானும் தங்கையும் பயன்படுத்திப் பார்த்ததில்

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதுகிற ஜிஆர்இ தேர்வில் வெர்பல், அதாவது ஆங்கில மொழித்திறன் பகுதிக்குப் படிக்க வார்த்தை அட்டைப் பெட்டி ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று சித்தி மகன் கேட்டிருந்தான். அதே பெட்டியை வைத்துத்தான் நான் தேர்வுக்குப் படித்தேன். இப்போது தங்கை அதில் படிக்கிறாள். வாட்ஸப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டைகள் கெட்டியானவை. பேருந்திலும் கேன்டீனிலும் இவ்வளவு புரட்டியும் ஓரம் மடங்கவில்லை. எழுத்து பெரிது. போனைத் திறந்தால் கவனம் வேறெங்கோ ஓடிவிடும், அட்டையில் அந்தத் தொல்லை இல்லை. தங்கை, போனிலேயே அட்டைகளைக் காட்டுகிற ஆங்கி செயலியை விட்டுவிட்டு இதற்கு மாறியதே அதனால்தான்.

எனக்கு ஆத்திரம் வருவது ஒரே விஷயத்தில். முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் ஒரு அர்த்தம், அவ்வளவுதான். தேர்வு அப்படிக் கேட்பதே இல்லை. 2011 ஆகஸ்டுக்கு முன்னால் எதிர்ச்சொல், ஒப்புமை என்று தனிச் சொற்களை வைத்துக் கேள்விகள் இருந்தன. அப்போது இந்த மனப்பாடம் செல்லும். இப்போது வாக்கியத்தைக் கொடுத்து, இந்த இடத்தில் என்ன அர்த்தம் வேண்டும், அதைத் தருகிற சொல் எது என்று கேட்கிறார்கள். அட்டை பழக்குவது இதற்கு நேர் எதிர்த் திசையில். ‘குவாலிஃபை’ மாதிரி எல்லோருக்கும் தெரிந்த சொல் இந்தப் பெட்டியில் கிடையாது. ஆனால் ஒருவர் ‘குவாலிஃபைடு’ ஆதரவு தந்தார் என்றால் அரைமனதாக, நிபந்தனையோடு தந்தார் என்று அர்த்தம். கடினமான கேள்விகளில் காலை வாருவது இப்படிப்பட்ட எளிய சொற்கள்தான்.

எனக்குக் கைகொடுத்தது வேறொரு பழக்கம். கோடிட்ட இடக் கேள்வி வந்தால் விடைகளைக் கையால் மறைத்துவிடுவேன். வாக்கியத்தை மட்டும் படித்து, அந்த இடத்தில் தமிழில் ஒரு சொல்லைப் போடுவேன். ‘மணிக்கணக்கில் பேசுகிற அமைச்சர் அன்று ____ பேசியது எல்லோருக்கும் வியப்பு’ என்று இருந்தால் ‘சுருக்கமாக’ என்று மனம் தானே சொல்லிவிடும். அதன்பிறகு விடைகளைப் பார்த்தால் சுருக்கமான பேச்சைக் குறிக்கிற ‘லகானிக்’, ‘டெர்ஸ்’ இரண்டும் கண்ணில் படும். தமிழில் யோசித்தால் வேகம் குறையும் என்று பயமுறுத்துவார்கள். எனக்கு நேரம் மிஞ்சத்தான் செய்தது, ஏனென்றால் ஐந்தாறு விடைகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிற வேலையே இல்லை. இந்தப் பழக்கத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சென்டென்ஸ் எக்விவலன்ஸில் இது இன்னும் உதவும். அதில் ஒரே கோடிட்ட இடத்துக்கு, வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம் தருகிற இரண்டு சொற்களை ஆறு விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே அர்த்தமுள்ள ஜோடி ஒன்றை வாக்கியத்துக்குப் பொருந்தாமலே வைத்திருப்பார்கள். அட்டையை மட்டும் நம்பிப் படித்தவருக்கு முதலில் கண்ணில் படுவது அந்த ஜோடிதான். மூன்று கோடிட்ட இடங்கள் உள்ள வேறு வகைக் கேள்வியில் இரண்டு சரியாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது, மூன்றும் சரியாக வேண்டும். அதில் எளிதான இடத்தை முதலில் நிரப்புங்கள், அது முதல் இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்புறம், வெர்பலில் ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் கேள்விகள். அங்கே இந்தப் பெட்டிக்குப் பெரிய வேலை இல்லை. படித்து முடித்ததும் எழுதியவர் யார் பக்கம், எதை மறுக்கிறார் என்று ஒரு வரியில் சொல்லிப் பார்க்க வேண்டும். அது வராவிட்டால் விடைகளுக்குப் போகவே கூடாது. ‘ஒருபோதும்’, ‘எல்லாமே’ என்று அடித்துப் பேசுகிற விடையைப் பத்தியில் ஆதாரம் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு வெர்பலில் மொத்தம் 27 கேள்விகள்: முதல் பகுதியில் 18 நிமிடத்துக்கு 12, இரண்டாவதில் 23 நிமிடத்துக்கு 15. முதல் பகுதியில் செய்வதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எனவே எதையும் விடாமல் குறித்துவிட வேண்டும்.

சரி, வாங்கலாமா? தங்கையைக் கேட்டால் வாங்கு என்பாள். அவளுக்குச் சொற்கள் நன்றாகப் பதிகின்றன, அதை மறுக்க மாட்டேன். மேலே அட்டைகளை நான் பாராட்டியதும் உண்மைதான். ஆனாலும் என் பதில் வேண்டாம். பாதி விலைக்கும் வேண்டாம். பெட்டி கையில் இருந்தால் தினமும் அதையே புரட்டிப் படித்துவிட்ட திருப்தி வந்துவிடும், வாக்கியத்தோடு மல்லுக்கட்டுகிற வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பணத்துக்கு தேர்வை நடத்துகிற இடிஎஸ் நிறுவனமே வெளியிட்ட வெர்பல் கேள்விப் புத்தகம் வாங்கு தம்பி. 150 கேள்விகள் இருக்கின்றன. விடைகளை மறைத்துக்கொண்டு மெதுவாகப் போடு, தெரியாத சொல்லை அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து நோட்டில் எழுது. அதே நிறுவனம் இணையத்தில் தருகிற பவர்பிரெப் இலவச மாதிரித் தேர்வுகள் இரண்டையும் இப்போதே தீர்த்துவிடாதே, ஒன்றையாவது கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொள்.