ஓ.எம்.டி.யின் 'சுவனியர்': நாற்பது வருடத்தை ஒரு பெட்டிக்குள் அடைத்தால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் இந்தத் தொகுப்போடு நிறுத்திக்கொண்டால் ஓ.எம்.டி.யைப் பாதிதான் கேட்டதாக ஆகும், அதுவும் வானொலிக்காரர்களுக்குப் பிடித்த பாதி.

ஓ.எம்.டி. ஒரு பிரிட்டிஷ் சின்தசைசர் பாப் குழு, முழுப்பெயர் ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் த டார்க். 1978-இல் லிவர்பூலில் எரிக்ஸ் என்ற கிளப்பில் ஒரே ஒரு ராத்திரி வாசித்துவிட்டுக் கலைந்துவிடலாம் என்றுதான் ஆண்டி மெக்ளஸ்கியும் பால் ஹம்ஃப்ரிஸும் கிளம்பினார்கள், அதனால் இந்தப் பெயர் யார் வாயிலாவது நுழையுமா என்று இரண்டு பேருமே கவலைப்படவில்லை. நடுவில் ஏறக்குறைய பத்து வருடம் காணாமல் போனதைத் தள்ளிவிட்டால் இன்னும் மேடையில்தான் இருக்கிறார்கள். முதல் சிங்கிள் (ஆல்பமாக இல்லாமல் தனியாக வரும் ஒற்றைப் பாட்டு) வந்து நாற்பது வருடம் ஆனதை ஒட்டி 2019-இல் வந்ததுதான் சுவனியர். எலெக்ட்ரிசிட்டியில் ஆரம்பித்து, இந்தத் தொகுப்புக்கென்றே புதிதாகச் செய்த டோன்ட் கோ வரைக்கும் சிங்கிள்கள் எல்லாம் காலவரிசையில் வருகின்றன. இந்த வரிசைதான் இதன் பலம். எங்கே ஏறினார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பது யாரும் எடுத்துச் சொல்லாமலே காதில் விழுந்துவிடும்.

எலெக்ட்ரிசிட்டியைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பாட்டில் பல்லவி வர வேண்டிய இடத்தில் குரலே இருக்காது, சின்தசைசர் மெட்டு ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பாடுகிறவர் ஒதுங்கி நிற்க, கருவி பல்லவி பாடும். மெசேஜஸ், எனோலா கே எல்லாவற்றிலும் இதே கதைதான். அந்த மெட்டு ஒற்றை விரலால் வாசித்துவிடக்கூடியது, காரணம் அவர்களுக்கு அப்போது அவ்வளவுதான் வாசிக்க வரும். மெக்ளஸ்கி 1975 செப்டம்பரில் லிவர்பூல் எம்பயரில் ஜெர்மனியின் மின்னணு இசைக்குழு க்ராஃப்ட்வெர்க்கின் கச்சேரியைப் பார்த்துவிட்டு வந்தவர், உட்கார்ந்த இருக்கை கியூ 36 என்று இன்றைக்கும் பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருப்பார். எலெக்ட்ரிசிட்டி என்பதே க்ராஃப்ட்வெர்க்கின் ரேடியோஆக்டிவிட்டியை வேகமாக ஓட்டியதுதான் என்றும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் க்ராஃப்ட்வெர்க்கிடம் இருந்த வசதி இவர்களிடம் ஏது? வாங்கிய கோர்க் மைக்ரோ ப்ரீசெட் சின்தசைசர், மெக்ளஸ்கியின் அம்மா வைத்திருந்த தபால்வழி விற்பனைப் புத்தகத்தைப் பார்த்து, வாராவாரம் தவணை கட்டி எடுத்தது. ட்ரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, ரிதம் பதிந்த டேப் ரெக்கார்டரை மேடை நடுவில் வைத்து அதற்கு வின்ஸ்டன் என்று பெயர் சூட்டி மூன்றாவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். டின்டிஸ்க் இசைத்தட்டு நிறுவனம் கொடுத்த முன்பணத்தில் லிவர்பூலில் சொந்த ஸ்டுடியோ கட்டியதற்குச் சொன்ன காரணமும் பிரமாதம்: எப்படியும் தோற்றுவிடுவோம், துரத்திவிட்ட பிறகு ஸ்டுடியோவாவது மிஞ்சுமே!

இரண்டாவது சிங்கிள் ரெட் ஃப்ரேம் ஒயிட் லைட். பாட்டாக எடுத்துக்கொண்டால் சுமார்தான், தட்டில் நான் தாண்டிப்போகிற முதல் பாட்டு. ஆனால் பாடப்பட்ட பொருள் அபாரம். மெர்சி நதிக்கு அந்தப் பக்கம் விர்ரல் தீபகற்பத்தில் மியோல்ஸ் என்ற ஊர், அங்கே ஒரு மதுக்கடை பக்கத்தில் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. குழுவுக்கு அலுவலகம், தொடர்பு எண் எல்லாம் அதுதான். கூண்டின் எண்ணையே பாட்டில் பாடிவைத்தார்கள், ரசிகர்கள் அந்த எண்ணுக்கு அடிக்க ஆரம்பித்தார்கள். 2017-இல் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனபோது கிளம்பிய எதிர்ப்பில் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டியதாயிற்று. சுமாரான பாட்டுக்கு இவ்வளவு ஆயுள்.

அப்புறம் எனோலா கே. 1980, பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 8-ஆம் இடம். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானத்தின் பெயர் அது, விமானி பால் டிபெட்ஸ் தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தார். அந்த அம்மாவுக்கு மகனை நினைத்துப் பெருமையாக இருந்திருக்குமா என்று ஒரு கேள்வி, காலை எட்டேகாலில் நின்றுபோன கடிகாரம், இதையெல்லாம் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் ஆடத் தோதான ஒரு மெட்டு. ஊரே ஆடுகிறது. இது சரியா என்று எனக்கு இன்னமும் ஒரு நெருடல் உண்டு, ஆனால் பாட்டு ஓடும்போது கால் தாளம் போடாமல் இருந்ததில்லை.

1981-இல் வந்த ஆர்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி ஆல்பத்தின் மூன்று சிங்கிள்கள் அடுத்தடுத்து வருகிற இடம்தான் தொகுப்பின் சிகரம். சுவனியர், ஜோன் ஆஃப் ஆர்க், மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ், மூன்றுமே பிரிட்டனில் முதல் ஐந்துக்குள் வந்தவை. சுவனியரில் பின்னால் மிதந்துகொண்டே இருக்கிறதே, அது மனிதக் கோரஸ் குரல்களை டேப்பில் பதிந்து சுற்றவிட்டது. முன்னால் பாடுவது ஹம்ஃப்ரிஸ். மெக்ளஸ்கி மாதிரி அவருக்குக் கூவத் தெரியாது, மெதுவாகக் கூச்சப்பட்டுக்கொண்டே பாடுவார், அந்தக் கூச்சம்தான் பாட்டையே தூக்கி நிறுத்துகிறது. அடுத்த இரண்டும் ஒரே ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றியவை. ஒரு குழு ஒரே ஆல்பத்தில் பதினைந்தாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் புனிதையைப் பற்றி இரண்டு பாட்டு போட்டு இரண்டையும் ஹிட்டாக்கியதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ் தொடங்குவதே இயந்திரம் முனகுகிற மாதிரி ஓர் இரைச்சலில், அதற்குள்ளிருந்து வால்ட்ஸ் நடையில் ராணுவ ட்ரம்ஸ், பிறகு டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் மெலோட்ரான் கீபோர்டு பேக்பைப் மாதிரி அலறும். ஜெர்மனியில் 1982-இன் மிகப் பெரிய விற்பனை இந்தப் பாட்டுக்குத்தான். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், கைபேசி ஸ்பீக்கரில் அந்த ட்ரம்ஸ் வெறும் தகரம்.

இங்கேதான் தொகுப்பின் பெரிய ஓட்டை. 1983-இல் அடுத்த ஆல்பம் டாஸில் ஷிப்ஸ் வந்தது. பெயர் எங்கிருந்து என்றால், முதல் உலகப் போரில் கப்பல்களுக்குக் கோணல்மாணலாக வரிவரியாகச் சாயம் பூசுவார்கள், மறைப்பதற்காக அல்ல, கப்பல் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று நீர்மூழ்கிக்காரனுக்குக் குழப்புவதற்காக. எட்வர்ட் வாட்ஸ்வொர்த் அதை ஓவியமாக வரைந்திருந்தார், பீட்டர் சாவில் அதிலிருந்து அட்டையை உருவாக்கினார், அட்டைக்குள்ளே சிற்றலை வானொலியில் பிடித்த பிராக் நிலையத்து இசை, பல நாடுகளில் தொலைபேசியில் நேரம் சொல்லும் குரல்கள், குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தரும் ஸ்பீக் அண்ட் ஸ்பெல் பொம்மையின் இயந்திரக் குரல். பனிப்போர் நடுவில் ஐரோப்பாவில் ராத்திரி ரேடியோ திருகினால் என்ன கேட்குமோ அதையே ஆல்பமாக்கியிருந்தார்கள். முந்தைய ஆல்பம் முப்பது லட்சம் விற்றது, இது மூன்று லட்சம் என்று மெக்ளஸ்கியே கிண்டலாகச் சொல்வார். பாப் குழு ஆபாவாகவும் இருக்க வேண்டும், சோதனை இசைக்காரர் ஸ்டாக்ஹௌசனாகவும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதாக அவர்கள் சொல்வதுண்டு, இந்த ஒரு தடவை ஸ்டாக்ஹௌசன் ஜெயித்துவிட்டார், கடை காலி. ஆனால் இன்றைக்கு எடுத்துக் கேட்டால் அவர்கள் செய்ததிலேயே வயதாகாமல் இருப்பது இதுதான் என்பேன். சுவனியர் தொகுப்பில் இதிலிருந்து ஜெனெடிக் எஞ்சினியரிங், டெலிகிராஃப் என்று இரண்டு சிங்கிள்தான் இருக்கின்றன. இரண்டும் ஆல்பத்திலேயே துள்ளலான, பாதுகாப்பான பாட்டுகள், ஆல்பம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு துப்பும் தராது. சிங்கிள் தொகுப்பு என்றால் அப்படித்தான் இருக்கும், சரி, ஆனால் கேட்பவர் ஏமாறக்கூடாது.

அந்த அடிக்குப் பிறகு பயந்துபோய்ப் பாப்பில் இறங்கியது நன்றாகவே கேட்கிறது. 1984-இன் லோகோமோஷன், டெஸ்லா கேர்ல்ஸ் இரண்டும் நல்ல குஷியான பாட்டுகள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அமெரிக்கா. ப்ரெட்டி இன் பிங்க் படத்துக்கு முதலில் வேறு பாட்டு கொடுத்திருந்தார்கள், முன்னோட்டம் பார்த்த ரசிகர்களுக்கு முடிவு பிடிக்காததால் படத்தை எழுதிய ஜான் ஹ்யூஸ் முடிவையே மாற்ற, ஒரே நாளில் இஃப் யூ லீவ் எழுத வேண்டியதாயிற்று. 1986-இல் அமெரிக்காவில் 4-ஆம் இடம், சொந்த நாட்டில் 48. எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும், ஆனால் தொலைபேசிக் கூண்டைப் பாடியவர்கள் எங்கே போனார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது. 1988-இல் இன்னொரு பிரிட்டிஷ் சின்தசைசர் குழுவான டெபெஷ் மோட் அமெரிக்காவில் பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்தை நிரப்பியபோது முன்னால் வாசித்தவர்களில் இவர்களும் உண்டு, அடுத்த வருடம் ஹம்ஃப்ரிஸும் மற்றவர்களும் விலகிவிட்டார்கள்.

தொண்ணூறுகளை மெக்ளஸ்கி தனியாக இழுத்தார். செய்லிங் ஆன் த செவன் சீஸ் 1991-இல் 3-ஆம் இடம் வந்தது, ட்ரம்ஸ் தடதடவென்று நன்றாக இருக்கும். பாண்டோராஸ் பாக்ஸும் தேறும். அதற்கப்புறம் 1996-இன் வாக்கிங் ஆன் த மில்கி வே வரை தாண்டிவிடலாம். அந்தப் பாட்டு உண்மையிலேயே நல்லது, ஆனால் கிட்டார் குழுக்களின் காலத்தில் சின்தசைசர்காரரை யார் மதித்தார்கள், 17-ஆம் இடத்தோடு கடையைச் சாத்திவிட்டார். அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த கதை: க்ராஃப்ட்வெர்க்கில் இருந்த கார்ல் பார்டோஸ், பெண்கள் குழு ஒன்றை உருவாக்கிப் பாட்டுகளை அவர்களிடம் கொடு என்று யோசனை சொல்ல, அடாமிக் கிட்டன் பிறந்தது. 2001-இல் ஹோல் அகெய்ன் முதலிடத்தில் நான்கு வாரம். அதே மெட்டில்தான் 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து ரசிகர்கள் பயிற்சியாளர் சவுத்கேட்டைப் பாடினார்கள்.

பழைய குழு மறுபடி சேர்ந்தது என்றாலே நமக்குச் சலிப்பு வரும், பழைய ஹிட்டை வைத்துப் பிழைப்பு என்று. இங்கே அப்படி இல்லை. கடைசிப் பகுதியில் இருக்கிற மெட்ரோலேண்ட் (2013), நைட் கஃபே, ஐசோடைப் (2017) மூன்றையும் எண்பதுகளின் நடுப்பகுதிப் பாட்டுகளுக்கு மேலே வைப்பேன். ஐசோடைப் என்பது ஆட்டோ நியூராத் புள்ளிவிவரங்களுக்குப் படக்குறிகள் உருவாக்கிய முறை. அறுபதை நெருங்குகிற வயதில் அதைப் பற்றிப் பாட்டு எழுதுகிறவர்களை என்ன சொல்ல! தொகுப்புக்குப் பிறகு 2023-இல் வந்த பௌஹௌஸ் ஸ்டேர்கேஸ் பிரிட்டனில் 2-ஆம் இடம் வரை போனது. அது இதில் இல்லை, தனியாக வாங்க வேண்டும், குறிப்பாக க்ளெப்டாக்ரஸி என்ற பாட்டுக்காக. கொள்ளைக்கார ஆட்சியாளர்களை இவ்வளவு சிரித்த முகத்தோடு திட்ட இவர்களால்தான் முடியும்.

மேடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆர்கிடெக்சர் அண்ட் மொராலிட்டியையும் டாஸில் ஷிப்ஸையும் முழுதாக வாசித்த பதிவு கிடைக்கிறது, தேடிக் கேளுங்கள், அன்று ஓடாத ஆல்பத்துக்கு இன்று கிடைக்கிற கைதட்டல் தெரியும். வீடியோவில் பார்த்தால் மெக்ளஸ்கியின் ஆட்டம் ஒரு தனி விஷயம், கையும் காலும் நான்கு திசையில் போகும், அழகென்று சொல்ல முடியாது, கண்ணை எடுக்கவும் முடியாது. ட்ரம்மர் மால்கம் ஹோம்ஸ் 2013-இல் டொரண்டோ மேடையில் இதயம் நின்று சரிந்து பிழைத்தார், இப்போது அந்த இடத்தில் ஸ்டூவர்ட் கெர்ஷா, அடாமிக் கிட்டன் கதையில் மெக்ளஸ்கிக்குக் கூட்டாளி.

எதை வாங்குவது என்றால், புதிதாகக் கேட்கிறவர்களுக்கு இரண்டு குறுந்தட்டு பதிப்பே தாராளம். ஐந்து குறுந்தட்டும் இரண்டு டிவிடியும் கொண்ட பெரிய பெட்டியில், ஹம்ஃப்ரிஸ் பழைய டேப்களிலிருந்து தேடியெடுத்த வெளிவராத பாட்டுகளும் கச்சேரிப் பதிவுகளும் இருக்கின்றன, அவை ஏற்கெனவே பைத்தியம் பிடித்தவர்களுக்கு. அந்தப் பெட்டிக்குச் செலவழிக்கிற காசில் சின்னதையும் டாஸில் ஷிப்ஸையும் பௌஹௌஸ் ஸ்டேர்கேஸையும் சேர்த்து வாங்கிவிடலாம், நான் அதைத்தான் சொல்வேன்.