புல் கறைக்கு மருந்துக் கடை ஸ்பிரிட்: ஒரு மதிப்பீடு

வடகிழக்குப் பருவமழை ஓயும் மார்கழி, தை மாதங்களில் வேலூரின் பள்ளி மைதானங்களில் புல் அடர்ந்து நிற்கும். அந்த நாட்களில் கிரிக்கெட் ஆடிவிட்டு வரும் பிள்ளைகளின் வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால் பகுதி பச்சையாகத்தான் இருக்கும். கறைநீக்கி என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் பல வகைகளையும் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்த பிறகு நான் முதலிடம் கொடுப்பது, ஊசி போடும் முன் தோலைத் துடைக்க உதவும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டுக்குத்தான். மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லாத வேலூரில் அது எந்தத் தெருமுனையிலும் கிடைக்கிறது. விலையும் மிகக் குறைவு. ஒரு சிறிய புட்டி பல கறைகளுக்குப் போதும்.

இது வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. புல்லின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையம் தண்ணீரில் கரைவதில்லை, ஆல்கஹாலில் கரையும். முழங்கால் தரையில் உரசும்போது புல்லின் செல்கள் நசுங்கி, பச்சையத்தோடு மஞ்சள் நிறமிகளும் புரதங்களும் சேர்ந்து நூலிழைக்குள் இறங்கிவிடுகின்றன. அதனால்தான் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறினாலும் மண் மட்டும் கரைந்து, பச்சை அப்படியே நிற்கிறது. பருத்தித் துணியில் இந்தப் பிடிப்பு அதிகம். பாலியஸ்டர் விளையாட்டு உடைகளில் ஓரளவு எளிதாகவே விட்டுவிடும்.

பயன்படுத்தும் முறையில்தான் பலனின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. துணி உலர்ந்திருக்க வேண்டும். ஈரத் துணியில் ஸ்பிரிட் நீர்த்துப் போய் வலு இழந்துவிடும். ஒட்டியிருக்கும் மண்ணைக் காய்ந்த பிறகு தட்டி உதிர்த்துவிட்டு, கறை கீழே பார்க்கும்படி துணியைப் புரட்டி, அடியில் மடித்த வெள்ளைத் துண்டு ஒன்றை வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்திலிருந்து ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கறை பரவும். கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றிக்கொண்டே வந்தால், சற்று நேரத்தில் அடியில் இருக்கும் துண்டில் இளம்பச்சை வட்டம் ஒன்று படியும். அதைக் கண்டதும் துண்டைச் சுத்தமான இடத்துக்கு நகர்த்த வேண்டும். இல்லையென்றால் இறங்கிய நிறம் மீண்டும் துணிக்கே ஏறிவிடும். துண்டில் பச்சை படிவது நின்றால் ஸ்பிரிட்டின் வேலை முடிந்தது என்று பொருள். நம் ஊர் வெயிலில் ஸ்பிரிட் நொடியில் ஆவியாகிவிடுவதால், மொட்டைமாடியில் செய்வதைவிடக் காற்றோட்டமுள்ள நிழலில் செய்வதே நல்லது. அது எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் எரியும் அடுப்புக்கோ பூஜை விளக்குக்கோ அருகில் கொண்டுபோகவே கூடாது. வண்ணத் துணியாக இருந்தால் உள்தையலில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிட் மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. பச்சை போன பிறகு மங்கிய மஞ்சள் நிழல் ஒன்று தங்குவது உண்டு. அதற்குப் புரதத்தை உடைக்கும் நொதி, அதாவது என்சைம் கலந்த சலவை லிக்விட் தேவை. லேபிளில் என்சைம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். இந்த நொதிகளுக்கு வட ஆற்காட்டோடு ஓர் உறவு இருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பில் ஊறிய தோலை மென்மையாக்கப் பயன்படுவதும் புரதத்தை உடைக்கும் நொதியே. அந்த வேலைக்கு முன்னாளில் உலகெங்கும் பயன்படுத்தப்பட்ட விலங்குக் கழிவுக்கு மாற்றாகக் கணையத்தின் நொதியைக் கொண்டுவந்த ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ரோஹ்ம்தான், 1913ஆம் ஆண்டில் அதே நொதியைத் துணி துவைக்கவும் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை பெற்றவர்.

லிக்விட்டைக் கறையில் நேரடியாகத் தடவி அரை மணி நேரம் விட்டு, பிறகு வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பது போதுமானது. கோடையில் மாடித் தொட்டியிலிருந்து பிற்பகலில் வரும் தண்ணீரே அந்தச் சூட்டில் இருக்கும். கொதிநீர் மட்டும் கூடாது: அது நொதியைச் செயலிழக்கச் செய்து, புரதத்தையும் இழையோடு இறுக்கிவிடும். கறை முழுவதும் போகும்வரை இஸ்திரி போடாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பழைய கறைக்கு மூன்றாவதாக உதவுவது, சோடியம் பெர்கார்பனேட் கலந்த ஆக்சிஜன் வகைப் பொடி. தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டு மீதமிருக்கும் நிறத்தை அழிக்கிறது. நல்ல பொருள்தான், ஆனால் புதுக் கறைக்கு நேராக இதை எடுப்பது வீண் செலவு என்பதே என் கருத்து. கரைத்த நீரை மூடிய புட்டியில் சேமித்து வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும்.

வழக்கமான சலவைக்கட்டியை இந்தக் கறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சத்துவாச்சாரியோ காட்பாடியோ, போர் தண்ணீர் உப்பாக வரும் வீடுகளில், கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து சாம்பல் நிறப் படிவாக மாறித் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். லிக்விட் வகைகளில் இந்தத் தொல்லை குறைவு. எலுமிச்சைச் சாறு தேய்க்கும் வழக்கமும் ஏமாற்றத்தையே தரும். புளி சேர்த்ததும் கீரை பழுப்பாவதைப் போல, அமிலம் பட்டதும் பச்சையம் மக்னீசியத்தை இழந்து பழுப்பாகிவிடுகிறது. கறை போய்விட்டது என்று தோன்றினாலும், உண்மையில் நிறம் மாறி அங்கேயே இருக்கிறது. குளோரின் பிளீச்சை வெள்ளைப் பருத்திக்கு மட்டும், அதுவும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம். இழுபடும் ஸ்பான்டெக்ஸ் கலந்த துணிகளை அது மஞ்சளாக்கிவிடும். அதை வேறு எந்தக் கறைநீக்கியோடும் கலக்கவே வேண்டாம்.

கல்யாண மண்டபப் புல்வெளியில் அமர்ந்து எழுந்த ஆரணிப் பட்டில் கறை பட்டால், மேலே சொன்ன லிக்விட்டையும் பொடியையும் மறந்துவிடுங்கள். பட்டே புரதம் என்பதால், கறையை உடைக்கும் நொதி பட்டையும் அரிக்கும். கறையில் தண்ணீர்கூடப் படாமல் அன்றே டிரை கிளீனிங் கடைக்குக் கொண்டுபோய், அது புல் கறை என்பதைச் சொல்லிக் கொடுப்பதே சரியான வழி.