பனியன் கம்பெனிக்குள் எது தாங்கும்: புது லேப்டாப்பா, பழைய திங்க்பேடா?

₹35,000 பட்ஜெட்டில் வேலைக்கு ஒரு லேப்டாப் தேடுகிறவர்களுக்கு இன்று இரண்டு வழி இருக்கிறது. ஷோரூமில் சீல் பிரித்துத் தரும் புது லேப்டாப் ஒன்று. இன்னொன்று ரீஃபர்பிஷ்டு: ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் வகையறாவைத் துடைத்து, சோதித்து விற்கிறார்கள். ஒரு காலத்தில் பெங்களூரு எஸ்பி ரோடு, சென்னை ரிச்சி தெரு என்று தேடிப்போன சரக்கு இப்போது கோவையிலேயே கிடைக்கிறது.

திருப்பூரில் எங்கள் யூனிட்டில் இரண்டுமே ஓடுகின்றன. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் வேலைக்கு நான் வாங்கியது 2018-ல் வெளிவந்த திங்க்பேட் டி480. விலை இருபதாயிரத்தை ஒட்டி வந்தது. கணக்குப் பார்க்கும் என் மச்சான் வாங்கியது முப்பத்தைந்தாயிரத்துக்குப் புத்தம்புதுசு. ஒரே கூரை, ஒரே தூசி, ஒரே கரண்ட். இன்று மறுபடி வாங்கச் சொன்னாலும் நான் பழைய திங்க்பேடைத்தான் எடுப்பேன்.

புதுசு ஜெயிக்கும் இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகத்தில் அதுதான் மேல். டி480-ல் இருக்கும் எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசருக்கு நான்கு கோர். பன்னிரண்டாம் தலைமுறையின் சாதாரண ஐ3-1215யூ-வுக்கே ஆறு கோர். எடை, கேமரா, வாரண்டி எல்லாம் புதுசுக்கே சாதகம். வீடியோ காலில் ஆர்டர் கொடுக்கும் பையருக்குத் துணியின் நிறத்தைக் காட்ட டி480-ன் கேமராவை நம்ப முடியாது, ஃபோனைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் எக்செல், மெயில், டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவ விவரம்) பிடிஎஃப், டேலி, பிரௌசரில் வரிசையாகத் திறந்து கிடக்கும் டேப்கள், இவ்வளவுதான் வேலை என்றால் 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்ட எட்டாம் தலைமுறை இன்னும் திணறுவதில்லை.

'புதுசு' என்ற பெயரையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ 2022-ல் வந்த சிப். 7000 என்ற வரிசை எண்ணைப் பார்த்தால் எல்லாமே புதிதாக இருக்கும் என்று தோன்றும். உள்ளே இருப்பது 2019-ல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு. அதோடு அது ஏற்பது எல்பிடிடிஆர்5 ரேம் மட்டும். அது போர்டிலேயே பற்றவைத்து வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

சரி, இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும் கணக்கு. திருப்பூரில் முடிவைத் தீர்மானிப்பது பஞ்சு.

நிட்டிங் மெஷின் ஓடும் இடத்தில் நூலிலிருந்து உதிரும் பஞ்சு காற்றிலேயே மிதக்கும். கட்டிங் டேபிள் பக்கமும் ஓவர்லாக் பக்கமும் அதே கதை. ஆபீஸ் ரூமுக்குக் கண்ணாடிக் கதவு போட்டாலும், சாம்பிளைத் தூக்கிக்கொண்டு ஆள் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் பஞ்சும் கூடவே வரும். லேப்டாப்பின் விசிறி அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து, நெருக்கமாக அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகளின் இடுக்கு வழியே வெளியே தள்ளுகிறது. சாதாரண மண்தூசியில் ஒரு பகுதியாவது அந்த இடுக்கில் நுழைந்து போய்விடும். பஞ்சு இழை இழையாக இருப்பதால் தகடுகளின் வாயில் குறுக்கே விழுந்து நின்றுவிடும். அதன் மேல் அடுத்த இழை, அதன் மேல் இன்னொன்று. மச்சானின் லேப்டாப்பைத் திறந்து பார்த்த சர்வீஸ் கடைத் தம்பி, "ஏனுங்ணா, உள்ளுக்குள்ளயே துணி ஓட்டீருக்கறீங்களே" என்றான். உண்மையிலேயே விரலால் ஒரு பட்டையாக உரித்து எடுக்கும் அளவுக்கு இருந்தது.

சூடு வெளியேற வழியில்லை என்றால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்குத் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. விசிறி இரைவதும், அடித்தட்டு கொதிப்பதும், எக்செல் ஃபைல் திறக்கும்போது அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்பதும்தான் அடையாளம். 'லேப்டாப் பழசாயிடுச்சு' என்று அடுத்ததை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பஞ்சை எடுத்துவிட்டு, பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதையும் மாற்றினால் பெரும்பாலும் பழைய வேகம் திரும்பிவிடும்.

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி. காங்கயத்தில் அரிசி ஆலைத் தவிடு. பொள்ளாச்சியில் தென்னை நார்த் தூள். நாமக்கல்லில் கோழித் தீவனத் தூசி. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றுக்கு எந்த ஜன்னலை மூடியும் பயனில்லை. கொங்கு நாட்டில் தொழில் செய்யும் முக்கால்வாசிப் பேரின் லேப்டாப் இப்படி ஒரு காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது.

அதனால் நான் முதலில் கேட்பது: இதைத் திறந்து சுத்தம் செய்வது எவ்வளவு சுலபம்?

டி480-ல் பின்பக்க பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடிமூடியின் ஸ்குருக்களைத் தளர்த்தினால் போதும். ஸ்குரு மூடியிலேயே தங்கிக்கொள்ளும், கீழே விழுந்து தொலையாது. ஓரத்துக் கிளிப்புகளைப் பிளாஸ்டிக் கார்டு விட்டு நெம்பினால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே இன்னொரு பேட்டரி இருப்பதால், திறக்கும் முன் அதை பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) தற்காலிகமாகத் துண்டிக்க ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். எதை முதலில் கழற்றுவது, எந்த ஸ்குரு எங்கே என்று படம் போட்டு விளக்கும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோ இலவசமாகவே தருகிறது. டெல், எச்பியின் ஆபீஸ் வரிசைகளுக்கும் இப்படிக் கையேடு உண்டு. கம்பெனிகள் மொத்த மொத்தமாக வாங்குபவை என்பதால் அங்குள்ள ஐடி ஆட்கள் பிரித்துப் பழுதுபார்க்க வசதியாகவே இவற்றைச் செய்திருக்கிறார்கள். அந்த வசதியின் பலன் இரண்டாவது கைக்கு வாங்கும் நமக்கும் கிடைக்கிறது.

மச்சானின் புது லேப்டாப்பில் சில ஸ்குருக்கள் ரப்பர் பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. பட்டையை உரித்தால் பசை போய்விடும், மறுபடி சரியாக ஒட்டாது. கிளிப்புகள் மெல்லிசு, ஒன்று ஏற்கெனவே உடைந்துவிட்டது. வாரண்டி இருந்த வரையில் வெளியாள் கையில் கொடுக்க அவருக்கு மனசில்லை. சர்வீஸ் சென்டரோ கோவையில். ஐம்பது கிலோமீட்டர் போய்க் கொடுத்துவிட்டு, ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நேரத்தில் லேப்டாப் இல்லாமல் உட்கார முடியுமா? தள்ளிப்போட்டார், தள்ளிப்போட்டார், வாரண்டி முடிந்த பிறகுதான் அந்தத் தம்பியின் கைக்கே போனது. வேகமான பிராசசரை வாங்கிவிட்டு அதைப் பாதி வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் இதில் எனக்குப் பொறுக்காத விஷயம்.

சுத்தம் செய்வது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பனியன் கம்பெனியில் ஏர் கம்ப்ரஷர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மெஷினுக்கு அடிக்கும் அந்த ஏர் கன்னை லேப்டாப்புக்குள் விடாதீர்கள். அந்தக் காற்றில் ஈரமும் சில நேரம் எண்ணெயும் கலந்து வரும். அழுத்தத்தில் விசிறி தன் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெட்டுப்போகும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியும் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷும் போதும். விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, தகட்டு வாயிலில் படிந்த பஞ்சை முதலில் கையால் எடுத்துவிட வேண்டும். ஊதினால் அது இடுக்குக்குள் இன்னும் இறுகும். யூனிட்டுக்குள் இருக்கும் லேப்டாப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வீட்டில் இருப்பதற்கு வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு என்றால் தூசியோடு முடிவதில்லை. டி480-ல் ரேம் போட இரண்டு இடம், எஸ்எஸ்டி மாற்றலாம், கீபோர்டு மாற்றலாம். கீபோர்டில் டீ சிந்தினால் அடியில் வடிந்து வெளியேறத் துளை இருக்கிறது. ஒரே மாடல் ஏராளமாகப் புழங்கியதால் கீபோர்டு, ஹிஞ்ச், திரை எல்லாமே உதிரியாகக் கிடைக்கின்றன. புது லேப்டாப்புக்குக் கீபோர்டு போனால் மேல்மூடியோடு சேர்த்து மாற்றச் சொல்லும் மாடல்கள் நிறைய.

அப்புறம் பேட்டரி. உள்ளே ஒன்று, பின்னால் கழற்றும் வகையில் ஒன்று என டி480-க்கு இரண்டு. உள் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், லேப்டாப்பை அணைக்க வேண்டியதில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் இது எனக்குப் பெரிய உதவி. பின்பேட்டரி 24, 48, 72 வாட்-ஹவர் அளவுகளில் வருகிறது. பெரியவை கீழே புடைத்துக்கொண்டிருப்பதால் லேப்டாப்பின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அடியில் காற்று போக அதுவும் நல்லதே. பெயர் தெரியாத கம்பெனியின் மலிவு பேட்டரிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இனி என் பக்கத்துக்கு எதிரான இரண்டு வாதங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் ₹30,000 லேப்டாப்புக்கு 18 சதவீதம் சேர்த்து ₹35,400 கொடுத்தாலும், தொழிலுக்கு வாங்கியது என்றால் அந்த ₹5,400-ஐ இன்புட் கிரெடிட்டாக (தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுத்துக்கொள்ளலாம். பழைய பொருளை, லாபத் தொகைக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டும் மார்ஜின் ஸ்கீமில் விற்பவரிடம் வாங்கினால் அது கிடைக்காது. ஆக விலை வித்தியாசம் வெளியே தெரிவதைவிடக் குறைவு. வாங்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விசிறியே இல்லாத லேப்டாப். 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏரில் விசிறி கிடையாது. இழுக்க விசிறி இல்லையென்றால் பஞ்சு அடைப்பும் இல்லை. என் வாதத்தின் முதுகெலும்பையே அது உடைத்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். டேலி மேக்கில் நேரடியாக ஓடாது, ரேமையோ ஸ்டோரேஜையோ பிறகு கூட்டவும் முடியாது என்பதால் எங்கள் வேலைக்கு ஒத்துவரவில்லை. மெயிலும் எழுத்து வேலையும் மட்டும் உள்ளவர் அதைத் தாராளமாக யோசிக்கலாம்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, தினமும் பையில் சுமக்க வேண்டும் என்றால் நான் புதுசையே சொல்வேன். வீடியோ எடிட்டிங், கேம் பற்றியெல்லாம் நான் அபிப்பிராயம் சொல்வது சரியாக இருக்காது, அந்த வேலை நான் செய்வதில்லை. லாட்டிட்யூடையும் எலைட்புக்கையும் பக்கத்து யூனிட்களில் திறந்து பார்த்திருக்கிறேனே தவிர, வைத்து ஓட்டியதில்லை. என் நம்பிக்கை டி480-ஐ வைத்து வந்தது.

ரீஃபர்பிஷ்டு வாங்கப் போனால் சில விஷயங்களில் கடைக்காரரிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறையாக ஏற்பது பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான். ஏழாம் தலைமுறையை நாலாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் தலையாட்ட வேண்டாம். திரை ஃபுல் எச்டியா என்று பாருங்கள். 1366க்கு 768 திரை போட்ட டி480-களும் சந்தையில் உண்டு, எக்செல்லில் அது படுத்தும் பாடு தாங்காது.

கடையிலேயே ஆன் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பீஸை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். "அதெல்லாம் எடுத்துக்கலாமுங்க" என்பார்கள். திங்க்பேடில் பயாஸைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்துபோனால் கம்பெனி சொல்லும் வழி போர்டை மாற்றுவதுதான். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அதற்கு வழி இருக்கிறது. டிசைன் கெப்பாசிட்டிக்கும் இப்போதைய ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டிக்கும் பெரிய இடைவெளி இருந்தால், புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். கடை வாரண்டி எத்தனை மாதம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

டி480-ஐயே எடுப்பதாக இருந்தால், கொண்டுவந்த அன்றே, டைப்-சி போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) அப்டேட்டைப் போட்டுவிடுங்கள். அந்தக் காலத்துத் திங்க்பேட்களில் அந்த ஃபர்ம்வேரில் ஒரு கோளாறு இருந்து, டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுவதே நின்றுபோகும் நிலை வந்தது. லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டுவிட்டது. ஐடி கம்பெனியில் அதைப் போட்டிருக்கலாம், போடாமலும் விட்டிருக்கலாம். விற்கும் கடையில் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள்.