பழைய எம்எக்ஸ்-5: சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை, 1.6 லிட்டர் எஞ்சின். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டு, பிறகு இங்கிலாந்துக்கு இறக்குமதியானது. அதை இங்கே பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை தயாரான மாடல் இது. எடை ஒரு டன்னைத் தொடாது. ஓட்டும் சுகத்தைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். முப்பது வயது தாண்டிய ஸ்போர்ட்ஸ் காரில் எதெல்லாம் கெடும், கெட்டது எது என்று எப்படிப் பிடிப்பது, அதுதான் இங்கே பேச்சு. பெரும்பாலும் ரப்பருக்கு வயதாவதுதான் காரணம். வண்டியைத் திட்டிப் பயனில்லை.

முதலில் எண்ணெய். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் ஈரம் தெரியும். கராஜில் காட்டினால் "ரியர் மெயின் சீல் போயிருக்கு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். எஞ்சினின் பின்முனையில் எண்ணெயை அடைக்கும் அந்த சீல் என்னவோ மலிவுதான், கூலிதான் ஆளைச் சாய்க்கும். ஒப்புக்கொள்வதற்கு முன் டிகிரீசர் போட்டு எஞ்சினின் பின்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவுங்கள். ஓரிரு நாள் ஓட்டிவிட்டு, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து மேலிருந்து கீழே பாருங்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) ஒட்டி, கேம்ஷாஃப்ட் சுழலும் கோணத்தைக் காட்டும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதில் ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். வருடக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு அது பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். அங்கே கசியும் எண்ணெய் ஹெட்டின் முதுகு வழியாக வழிந்து, கியர்பாக்ஸ் கூட்டின் மேல் விழுந்து, அடியில் சொட்டும். என் வண்டியிலும் கசிந்தது அங்கேதான். வால்வ் கவர் கேஸ்கெட்டின் பின்மூலையும் இதே வித்தையைக் காட்டும், அதையும் பார்த்துவிடுங்கள்.

சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 12 எம்எம் போல்ட். கழற்றுவதற்கு முன், சென்சாரும் ஹெட்டும் சேரும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சென்சாரைத் திருகினால் இக்னிஷன் டைமிங்கே, அதாவது பொறி விழும் நேரமே, மாறும். உள்ளே இருக்கும் பல் நடுமையத்தில் இல்லாததால் தலைகீழாக மாட்டிவிடும் பயம் இல்லை. ஓ-ரிங்கை மாற்றியபின் எஞ்சின் சூடாகட்டும். டயக்னோஸ்டிக் பெட்டியில் டென், ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்து, ஐடில் 850 சுற்று அளவில் இருக்கும்போது டைமிங் லைட் பிடித்தால் 10 டிகிரி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சென்சாரை மயிரிழை திருப்புங்கள். வேலை முடிந்ததும் அந்த ஒயரை எடுத்துவிட வேண்டும். கை நுழைய இடமே கிடையாது. விரல் முட்டியில் தோல் உரிவது இந்த வேலையின் கட்டணம். பக்கத்தில் ஓடும் ஹீட்டர் ஹோஸ்கள் எண்ணெயில் ஊறி உப்பியிருக்கின்றனவா என்றும் அழுத்திப் பாருங்கள். அவற்றில் ஒன்று வெடித்தால் கூலண்ட் மொத்தமும் ரோட்டில்தான்.

அடுத்தது கிளட்ச். காலையில் ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று அரைக்கிறது, பெடல் பாதி தூரம் சும்மா போகிறது என்றால் உடனே கிளட்ச் தட்டை விலை கேட்கப் போகாதீர்கள். கியர்பாக்ஸின் பக்கத்தில் வெளியே மாட்டியிருக்கும், திரவ அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது. இரண்டு போல்ட், ஒரு பைப். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டால் காலைப் பொழுதில் முடியும் வேலை. ஆனால் பெடலிலிருந்து அந்த அழுத்தத்தைத் தரும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்லேவ் புதிதானதும் பழைய மாஸ்டரின் சீல் அதிக நாள் தாங்குவதில்லை. பெடல் பக்கம் உள்ளே கசிய ஆரம்பிக்கும். பிறகு டாட் 4 பிரேக் திரவம் ஊற்றி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி ப்ளீட் செய்தால் சரி. கியர் மட்டும் குளிரில் இரண்டாவதுக்குப் போக அடம்பிடித்தால் அது வேறு சங்கதி. கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 எண்ணெய் மாற்றி, கியர் லீவருக்கு அடியில் டரட் என்ற கூட்டில் தனியாக இருக்கும் எண்ணெயையும் மாற்றினால் பாதிக்கு மேல் சரியாகும். அங்கே ரப்பர் கிழிந்திருந்தால் கோடையில் தொடைப்பக்கம் அனல் அடிக்கும்.

எஞ்சினில் "டிக் டிக்" சத்தம் பெரும்பாலும் ஹைட்ராலிக் லிஃப்டர்தான் (எண்ணெய் அழுத்தத்தால் வால்வ் இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்). புது எண்ணெய் போட்டு நன்றாகச் சூடேற ஓட்டினால் அடங்கிவிடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சத்தம் பெரிதானால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவைத் தேடுங்கள். அழுத்தும்போது வண்டி விக்கினால் இக்னிஷன் காயிலை வாங்குவதற்கு முன் ப்ளக் வயர்களைச் சந்தேகப்படுங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினைப் பார்த்தால் பொறி தாவுவது தெரியும். ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக், புதிதில் கறுப்பாக இருக்கும். அது பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டால் கசியவில்லை என்றாலும் மாற்றுங்கள். வெப்பமானி முள்ளை நம்ப வேண்டாம். கொஞ்சம் சூடு ஏறினாலும் அது நடுவிலேயே நிற்கும். நகர்ந்தபோது விஷயம் கைமீறியிருக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 1991 நடுப்பகுதி வரை வந்த வண்டிகளில் கிராங்க்ஷாஃப்ட்டின் மூக்கு, அதாவது முன்முனை, குட்டை. டைமிங் பெல்ட் மாற்றும்போது முன் போல்ட்டைச் சரியான டார்க்கில் இறுக்காமல் விட்டால், பெல்ட்டின் பல்சக்கரத்தைக் கிராங்கில் நகராமல் நிறுத்தும் சாவிப்பள்ளம் தேய்ந்து, டைமிங் தள்ளிப்போய், வண்டி சோர்ந்துவிடும். முன் புல்லி தள்ளாடுகிறதா என்று ஐடிலில் பாருங்கள். தள்ளாடினால் விலை பேசாமல் திரும்பிவிடலாம். பெல்ட் அறுந்தால்கூட இந்த எஞ்சினில் வால்வ் வளையாது. கிராங்குக்கு அந்தச் சலுகை இல்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது தண்ணீருக்கு. சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் ஈரமாக இருந்தால் எல்லோரும் கூரைத் துணியைத்தான் குறை சொல்வார்கள். கூரையில் விழும் மழை, பின்னால் இருபுறமும் சீட் பெல்ட் தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் வடிகுழாய்கள் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே இறங்க வேண்டும். இலைச்சருகும் தூசியும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால், தண்ணீர் வழிந்து, கதவுக்கு அடியில் ஓடும் 'சில்' (sill) என்ற பெட்டித்தகட்டுக்குள் புகும். குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு வெளியிலிருந்து தின்னும், இது உள்ளிருந்து தின்னும். பின்சக்கர வளைவுக்கு முன்னால் பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு மிச்சமிருக்காது. சீட் பெல்ட் மாட்டும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் துரு தகட்டைப் பலவீனமாக்கியிருந்தால் எம்ஓடி என்ற இங்கிலாந்தின் வருடாந்திர வாகனச் சோதனையில் வண்டி தேறாது.

சோதிப்பது சுலபம். குழாய் வாயில் ஒரு பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அதே வேகத்தில் கீழே வர வேண்டும். வராவிட்டால் வளையும் நைலான் கம்பியை மட்டும் விடுங்கள். இரும்புக் கம்பி குழாயைக் கிழித்துவிடும், அப்புறம் தண்ணீர் நேரே சில்லுக்குத்தான். இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை செய்கிறேன்.

என் வண்டியின் சில் வெல்டிங்கை மட்டும் நான் தொடவில்லை, வெளியே கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது இதுதான்: துருவை வெட்டி எடுத்து உள்தகட்டையும் சேர்த்து மாற்றுவீர்களா, இல்லை மேலே ஒரு தகட்டை வைத்து மூடுவீர்களா? மூடுவோம் என்றால் வேறு கடை பாருங்கள். வேலை முடிந்ததும் உள்ளே மெழுகு அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கும்போது வடிகுழாயின் வாயை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.